மஞ்சள் வயலில் களையும் உரமும் – மளிகை வணிகர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

புதுக்கணக்கு எழுதும் அன்று நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவித்தான் நாம் வியாபாரத்தைத் தொடங்குகிறோம். கடையில் உள்ள சரக்குகளில் மஞ்சளைப் போல மங்கலமானது வேறு இல்லை. ஆனால் வியாபாரியின் கையைக் கடிப்பதிலும் மஞ்சளைப் போல வேறு சரக்கு இல்லை என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள். வாங்கும்போது பருத்து, பளபளத்து நிற்கும். ஆறு மாதம் இருப்பில் கிடந்தால் எடை குறையும், வண்டு விழும், அரைத்தால் வெளுக்கும்.

இந்தக் குறைகளுக்கு நாம் கிடங்கையும் மழையையும் வேலையாட்களையும் குறை சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் பாதிக் குறை சரக்கு நம் வாசலுக்கு வருவதற்கு முன்பே, வயலில், களையெடுப்பிலும் உரமிடுவதிலும் உண்டாகிவிடுகிறது. "களை வெட்டுவதும் உரம் போடுவதும் விவசாயி வேலை, தராசு பிடிக்கும் நமக்கு என்ன?" என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டோம். அந்தக் கேள்விக்கு நாம் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் பட்ட பாடம்

2010ஆம் ஆண்டில் ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் விலை குவிண்டால் 15,000 ரூபாயையும் தாண்டியது நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து நெல், கரும்பு போட்டவர்கள்கூட மஞ்சளுக்கு மாறினார்கள். அந்த நடவு 2011 மாசி, பங்குனியில் அறுவடைக்கு வந்தது. அப்போது எங்கள் மண்டிக்கு 60 மூட்டை விரலி மஞ்சள் ஓரிடத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு விரலும் பெருவிரல் தடிமன், பாலீஷும் நன்றாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் சந்தை விலைக்கு மேலே கொடுத்து எடுத்தோம். உடைத்துப் பார்க்கவில்லை. அதுதான் தவறு.

ஆடி மாதம் மூட்டைகளைத் திருப்பி அடுக்கும்போது மூட்டைக்கு இரண்டு, மூன்று கிலோ குறைந்திருந்தது. அடியில் மாவு கொட்டியிருந்தது, வண்டு விழுந்துவிட்டது. அரைத்துப் பார்த்தால் தூள் வெளிறிய மஞ்சள். வாங்கிச் சென்ற சில்லறைக் கடைக்காரர்களில் நால்வர் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் சந்தையும் இறங்கத் தொடங்கிவிட்டது. 2012இல் விலை 5,000 ரூபாய்க்கும் கீழே போனது. மிச்சத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளினோம்.

கோபத்தோடுதான் அந்த விவசாயியின் ஊருக்குப் போனோம். அவர் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்: "ஆடி, ஆவணியில் களை வெட்ட ஆள் கிடைக்கலீங்க. ஊரெல்லாம் மஞ்சள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேணும். கையில் காசும் இல்லை. களை மூடிருச்சு. பயிர் வெளுத்துப் போச்சேன்னு யூரியாவை அள்ளிப் போட்டேன். கார்த்திகை வரைக்கும் போட்டேன். விலை இறங்குறதுக்குள்ள வெட்டிரணும்னு இலை காயறதுக்கு முன்னாடியே வெட்டிட்டேன்."

அவர் நம்மை ஏமாற்றவில்லை. அவர் செய்தது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் மஞ்சள் வயலைக் கவனிக்கத் தொடங்கினோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதல் நான்கு மாதமே களையின் காலம்

நம் பகுதியில் மஞ்சள் வைகாசி, ஆனியில் நடப்படுகிறது. ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் ஒன்பது மாதங்களில் முதிர்ந்து, தை முதல் பங்குனி வரை வெட்டுக்கு வருகிறது. நட்ட கிழங்கு முளைத்து வெளியே வரவே மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். முளைத்த பிறகும் இலை விரிந்து பாத்தியை மூட மாதங்கள் ஆகும். அதுவரை தரை வெயிலுக்குத் திறந்தே கிடக்கும். தண்ணீரும் பாய்கிறது, அடியுரமும் இருக்கிறது. களைக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? சாரணை, கீரை வகைகள், பார்த்தீனியம், கோரை, அறுகு எல்லாம் மஞ்சளுக்கு முன்னே எழுந்து நிற்கும்.

கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், களையின் அளவைப் பார்த்து நட்ட 60, 90, 120ஆம் நாட்களில் மூன்று முறை களையெடுக்கச் சொல்கிறது. பாசன வயல்களில் களை முந்திக்கொள்வதால் நம் விவசாயிகள் பலர் முதல் மாதத்திலேயே ஒரு வெட்டு வெட்டிவிடுகிறார்கள். களை வெட்டியதும் உரம் வைத்து மண் அணைப்பது வழக்கம். மண் அணைத்தால்தான் புதிதாக இறங்கும் விரல்கள் வெயில் படாமல் பருக்கும். ஆகவே ஒரு களை வெட்டு தவறினால், அதோடு ஒரு மண் அணைப்பும் தவறுகிறது. இலை நன்றாக மூடிய பிறகு நிழலில் களை தானே அடங்கிவிடும். ஆகவே முதல் நான்கு மாதக் கூலிதான் மஞ்சளின் தலையெழுத்தை எழுதுகிறது.

களையைக் குறைக்க மூடாக்கு நல்ல வழி. நட்டவுடன் ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன் பச்சை இலை, பிறகு 40, 90ஆம் நாட்களில் 7.5 டன் வீதம் பரப்பும்படி அதே நிலையம் பரிந்துரைக்கிறது. அவ்வளவு தழை கிடைக்காத இடங்களில் கரும்புச் சோகையைப் பரப்புகிறவர்களும் உண்டு. மூடாக்கு வெயிலைத் தடுத்துக் களையை அடக்குகிறது, ஈரத்தைக் காக்கிறது, மக்கிய பின் எருவும் ஆகிறது. வெங்காயம், கொத்தமல்லி போன்ற குறுகிய காலப் பயிரை ஊடே போடுவதும் வெற்றுத் தரையைக் குறைக்கும் வழியே. அதில் வரும் பணம் அடுத்த களைக்கூலிக்கும் உதவும்.

கோரை மட்டும் தனி ரகம். மேலே வெட்டினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். நடவுக்கு முன் கோடை உழவு செய்து கிழங்கை வெயிலில் காயவிட்டால்தான் அடங்கும். கோரை மண்டிய வயலின் சரக்கில் கறுத்த சிறு கிழங்குகளும் மண்கட்டியும் கலந்து வரும். மூட்டையில் அதைக் கண்டால் அந்த வயலின் களை நிர்வாகம் எப்படி என்று ஊகித்துக்கொள்ளலாம்.

களைக்குப் போன உரம்

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பது பழமொழி. இதை உரக் கணக்கிலும் பார்க்க வேண்டும். களை இருக்கும்போது போட்ட உரத்தை முதலில் தின்பது களையே. அதன் வேர் மேல் மண்ணில் பின்னிக் கிடக்கிறது, வளர்ச்சியும் வேகம். மஞ்சள் மெதுவாக வளரும் பயிர். பயிர் வெளுத்துவிட்டது என்று இன்னும் ஒரு மூட்டை போட்டால் களை இன்னும் கொழுக்கும். ஒழுங்கு முறை இதுதான்: முதலில் களை, பிறகு உரம், உடனே மண் அணைப்பு. இந்த வரிசை மாறினால் உரச் செலவு வீண்.

எருவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தொழு உரம் மஞ்சளுக்கு உயிர்நாடி. ஆனால் சரியாக மக்காத எருவில் மாடு தின்ற களைகளின் விதை உயிரோடு இருக்கும். அரைகுறை எருவைக் கொட்டுகிறவர் தம் கையாலேயே களையை விதைக்கிறார். குழியில் நன்றாக மக்கி, வாடை போய், கையில் பொடியும் எருவே நல்ல எரு.

ரசாயன உரக் கணக்கைப் பார்ப்போம். மேலே சொன்ன நிலையத்தின் பொதுப் பரிந்துரை, ஹெக்டேருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல்சத்து 120 கிலோ. இதை ஏக்கருக்கு மாற்றினால் யூரியா ஏறத்தாழ 52 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, பொட்டாஷ் 80 கிலோ வரும். தமிழ்நாட்டில் பாசன மஞ்சளுக்குத் தழைச்சத்து இதைவிடக் கூடுதலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் மாதத் தவணையாகப் பிரித்துத்தான் இடவேண்டும். சரியான அளவை மண் பரிசோதனைதான் சொல்லும். இந்தக் கணக்கில் வணிகர் கவனிக்க வேண்டியது ஒன்று: தழைச்சத்தைப் போல இரண்டு மடங்கு சாம்பல்சத்து. கிழங்குப் பயிருக்கு மாவும் கனமும் ஏறச் சாம்பல்சத்து வேண்டும். யூரியா மலிவு, போட்ட வாரத்தில் இலை கறுத்துக் காட்டும். பொட்டாஷ் விலை கூட, கண்ணுக்கும் தெரியாது. ஆகவே கைமுடை வந்தால் விவசாயி முதலில் விடுவது பொட்டாஷைத்தான்.

யூரியா மிஞ்சினால் என்ன ஆகும்? இலையும் தண்டும் கொழுக்கும். திசு மென்மையாகி இலைப்புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கும். கடைசி மாதங்களில் போட்டால் இலை காயாது, கிழங்கு முதிராது. பச்சைக் கிழங்கு பருமனாக இருக்கும், ஆனால் உள்ளே நீர்தான். வெந்து காய்ந்தால் சுருங்கிவிடும். நாம் வாங்கிய 60 மூட்டையின் கதை இதுதான்.

இன்னொரு தவறும் நடக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து கிட்டாமல் இளம் இலை வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். இதை யூரியாக் குறை என்று நினைத்து யூரியாவைக் கொட்டுவார்கள். இதற்கு வேண்டியது அன்னபேதி உப்புக் கரைசல். நோய் ஒன்று, மருந்து ஒன்று என்றால் எப்படிக் குணமாகும்?

காய்ந்த எடைக் கணக்கு

பச்சை மஞ்சளை வேகவைத்து 10 முதல் 15 நாள் வெயிலில் காயவைத்தால் ரகம், இடம், முதிர்ச்சியைப் பொறுத்து நூற்றுக்கு 10 முதல் 30 பங்கு வரை உலர் மஞ்சள் தேறும். ஒரு வயலில் நூற்றுக்கு 20 தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குவிண்டால் உலர் மஞ்சளுக்கு 500 கிலோ பச்சை மஞ்சள் போதும். முதிராத சரக்கில் 17தான் தேறினால் 588 கிலோ வேண்டும். அந்த 88 கிலோவுக்கும் வெட்டுக்கூலி, வேகவைக்கும் விறகு, காயவைக்கும் ஆள் எல்லாம் ஒன்றுதான். கட்டுப்படியாகாத விவசாயி என்ன செய்வார்? முழுதும் காயாமலே மூட்டை பிடிப்பார். தடித்து நீர் கோத்த விரல் உள்ளே காய நாளாகும் என்பதும் அவருக்கு வசதியாகிவிடுகிறது.

அதன் நட்டம் நமக்கு. 14 சதவீத ஈரத்தில் 100 கிலோ வாங்கி, கிடங்கில் அது 10 சதவீதத்துக்கு வந்தால் எடை 95½ கிலோதான். நாலரை கிலோ காற்றில் போயிற்று. இது போக வண்டும் பூஞ்சையும் ஈரச் சரக்கில்தான் முதலில் குடியேறும்.

மஞ்சளின் நிறச்சத்தான குர்குமின் முதலாவதாக ரகத்தைப் பொறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல ரகமாக இருந்தாலும் முதிரவிடாமல் வெட்டினால் அதன் முழுக் குணத்தைக் காட்டாது.

களைக்கொல்லி பற்றி எச்சரிக்கை

ஆள் கிடைக்காத நிலையில் விவசாயிகள் களைக்கொல்லியை நாடுவதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த மருந்து, எப்போது என்பது நம்மையும் பாதிக்கும். கிளைபோசேட் களைக்கொல்லி மஞ்சளுக்கு அனுமதிக்கப்பட்டதன்று. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மூலமன்றி வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. மஞ்சள் முளைக்கும் முன் இதை அடித்துவிடுகிற வழக்கம் சில இடங்களில் இருந்து வந்திருக்கிறது. நம்மிடம் சரக்குக் கொடுக்கும் விவசாயிகளிடம் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

நறுமணப் பொருள்களில், தனி வரம்பு விதிக்கப்படாத மருந்துகளின் எச்சத்துக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்ற வரம்பை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. இதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனைக் கூடம்தான் சொல்லும். ஆகவே யாரிடம் வாங்குகிறோம் என்பதே நமக்குள்ள முதல் பாதுகாப்பு.

வெளுத்த சரக்கும் சாயமும்

வெளிறிய மஞ்சள் கையில் தங்கிவிட்டால் "கொஞ்சம் நிறம் ஏற்றினால் போகிறது" என்று ஆசை காட்டுகிறவர்கள் வருவார்கள். பங்களாதேசத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளுக்கு நிறம் ஏற்றவே அங்கு லெட் குரோமேட் என்னும் ஈயச் சாயம் பூசத் தொடங்கினார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2019இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. அரசு கண்டிப்புடன் சோதனை நடத்தியதால் 2021இல் அது இல்லாமற் போயிற்று. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வயலில் வந்த குறையைச் சாயத்தால் மறைப்பது வியாபாரம் அன்று, பாவம். நமது சட்டப்படியும் மஞ்சளில் லெட் குரோமேட் இருக்கவே கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் கைவிட்டு எடுத்துப் பாருங்கள். ஐந்தாறு விரலையாவது உடையுங்கள். நன்கு முதிர்ந்து காய்ந்த விரல் உலோகச் சத்தத்துடன் பட்டென்று முறியும். வளைந்து முறிந்தால் ஈரம் இருக்கிறது.

2. உடைந்த முகத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் வெளுப்பு, பொந்து, மாவு இருந்தால் பருமனைப் பார்த்து மயங்க வேண்டாம்.

3. கையில் கனம் பாருங்கள். பருமனாகவும் லேசாகவும் இருப்பது நீர் வற்றிய சரக்கு.

4. முழு மஞ்சளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். உடனே சாயம் இறங்கினால் தொடாதீர்கள்.

5. முழு மஞ்சளில் ஈரம் 12 சதவீதத்துக்கும், தூளில் 10 சதவீதத்துக்கும் மிகக் கூடாது. தூளில் குர்குமின் வகைச் சத்து 2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பெரிய கொள்முதலுக்கு ஈரமானி வைத்துக்கொள்வது செலவல்ல, சேமிப்பு.

6. பில் இல்லாமல் வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 26இன்படி வியாபாரிக்கு விற்பவர் எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்குப் பிரிவு 27இன்படி விற்றவரே பொறுப்பு. சரக்கின் குறை வயலில் உண்டானதாக இருந்தாலும் மாதிரி எடுப்பது நம் கடையில்தான்.

களைக்கூலிக்கு உதவுங்கள்

இறுதியாக, நாம் செய்துபார்த்துப் பலன் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். முன்பெல்லாம் எங்கள் மண்டியில் விவசாயிக்கு முன்பணம் நடவின்போதே மொத்தமாகக் கொடுப்போம். அது விதைக்கிழங்கிலும் உழவிலும் தீர்ந்துவிடும். ஆடி, ஆவணியில் களை வெட்டும் பெண்களுக்கு அன்றாடம் கையில் கொடுக்கப் பணம் இருக்காது. 2011 நட்டத்துக்குப் பிறகு முன்பணத்தை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு நடவுக்கு, ஒரு பங்கு முதல் களைக்கு, ஒரு பங்கு மூன்றாம் களைக்கும் பொட்டாஷுக்கும். பணம் கூடவில்லை, கொடுக்கும் காலம்தான் மாறியது. இலை காய்ந்த பிறகே வெட்டுவது என்ற பேச்சையும் அப்போதே வைத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு அந்த வயல்களிலிருந்து வரும் சரக்கில் தள்ளுபடி வெகுவாகக் குறைந்துவிட்டது.

கிராமத்துச் சிறு மளிகைக் கடைக்காரரும் இதைச் செய்யலாம். மஞ்சள் விற்றதும் தருகிறேன் என்று கடன் சொல்லும் குடும்பத்துக்கு ஆடி, ஆவணியில் அரிசி, பருப்பு, எண்ணெய்க் கணக்கில் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டால் அவர்கள் கையில் உள்ள ரொக்கம் களைக்கூலிக்குப் போகும். களை வெட்டிய வயல்தான் தை மாதம் உங்கள் பாக்கியைத் தீர்க்கும். களை மூடிய வயல் உங்கள் கணக்கையும் சேர்த்து மூடிவிடும்.

விலை ஏறினால் யூரியாவை அள்ளிப் போடுவதும், இறங்கினால் களையைக் கைவிடுவதும் மஞ்சள் சாகுபடியின் பழைய நோய். 2010, 2012 ஆண்டுகளில் இரண்டையும் பார்த்தோம். 2024இல் விலை மறுபடியும் குவிண்டால் 15,000 ரூபாயைக் கடந்தபோதும் அந்த ஆசை தலைதூக்கியது. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியமும் தொடங்கப்பட்டது. ஆனால் குறியீடும் வாரியமும் வயலில் களை வெட்டாது. விவசாயியின் களைக்கொத்தும் நமது நேர்மையான தராசும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் நிலைக்கும். அடுத்த முறை மஞ்சள் மூட்டை வாசலில் இறங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் "எத்தனை களை வெட்டினீர்கள்?" என்று கேளுங்கள்.